மூன்றாம் பக்கத்து அடைப்புக்குறி

கென்னத் அண்ணனைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் அவருடைய சிரிப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். தேவாலயத்தில் இரங்கல் உரை சொன்னவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். இத்தனை வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், அவர் சரியான கர்வி. மனிதர்களிடம் அல்ல, கணினிக்கு நிரல் எழுதுவதில். நான் பத்து வரியில் எழுதியதை மூன்று வரியில் முடித்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து என் திரையை எட்டிப் பார்ப்பார். பார்த்ததும் ‘ச்சு’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அவரை ஒருநாள் கைப்பையால் அடிக்கலாமா என்று யோசித்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் ஜோகூரில், பெர்மாஸ் ஜெயா என்கிற இடத்தில், ஒரு டோபிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி மகேஸ்வரன், கென்னத் அண்ணன், நிலோபர் என்கிற நான், இன்னும் ஓரிருவர். செம்பனைப் பழக் குலைகளிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலைகளின் எடை மேடைகளுக்கு வேண்டிய புரோகிராம் எழுதுவதுதான் தொழில். குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் லாரியாகப் போகும்போது ஒரு எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் குலையின் எடை. அதிலிருந்தும் ஈரத்துக்குக் கொஞ்சம், மண்ணுக்குக் கொஞ்சம், நீளமாக விட்ட காம்புக்குக் கொஞ்சம் கழிப்பார்கள். ஆலைக்கு ஆலை விதி வேறு. அந்த விதிகளையெல்லாம் அடக்கிய கணக்கீட்டுக் கோப்பு கென்னத் அண்ணனுடையது. அதை வேறு யாரும் திறப்பதில்லை. பழைய எடைச் சீட்டுகளை அதற்குள் ஓட்டிப் பார்ப்போம். எடை ஒத்துப்போனால் சரி, உள்ளே எட்டிப் பார்க்க மாட்டோம். பார்த்தாலும் புரியாது, அவ்வளவு சுருக்கமாக எழுதியிருப்பார்.

அவர் சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்பா சந்தனசாமி குலை லாரி ஓட்டியவர். “அப்பா ரிட்டையர் ஆகற வரைக்கும் அந்த எடை நம்பர யாரும் அவருக்குக் காட்டுனதே இல்ல நிலோ. கையெழுத்து மட்டும் வாங்கிக்குவாங்க,” என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். எங்கள் புரோகிராம் ஓடுகிற ஆலைகளில் லாரி ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடையைப் பார்க்க ஒரு திரை இருக்கும். முதலாளி வேண்டாம் என்றபோதும் சண்டை போட்டு அதைச் சேர்த்தவர் அவர்தான். அந்த விஷயத்தில் அவருடைய கர்வம் எனக்குப் பிடிக்கும்.

என்னிடம் அவர் கண்ட பெரிய குறை அடைப்புக்குறி. ஒரே வரியில் கழித்தலும் பெருக்கலும் வந்தால் கணினி பெருக்கலைத்தான் முதலில் செய்யும். ‘மற்றும்’, ‘அல்லது’ இரண்டும் வந்தால் ‘மற்றும்’ முந்திக்கொள்ளும். இப்படி எது முன்னால், எது பின்னால் என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. அவருக்கு அது தலைகீழ்ப் பாடம். எனக்கோ இன்றுவரை மனதில் நின்றதில்லை. ஆகையால் எதை முதலில் செய்ய வேண்டுமோ அதைச் சுற்றி அடைப்புக்குறி போட்டுவிடுவேன்.

“என்னா நிலோ இது, கோடிங்கா ஆட்டுப்பட்டியா? எங்க பாத்தாலும் பாகார் வேலி கட்டி வச்சிருக்க. எத முன்ன செய்யணும்னு மெஷினுக்குத் தெரியும்லா.”

“மெஷினுக்குத் தெரியும் அண்ணே. எனக்குத் தெரியாதே. நாளைக்கு இத நான்தான படிக்கணும்?”

“அலமாக்!” என்று தலையில் அடித்துக்கொள்வார். அவர் தேவையில்லாமல் ஓர் அடைப்புக்குறி போட்டு நான் பார்த்ததே இல்லை.

அவருக்கு வந்த நோய் முதலில் தெரிந்ததும் அவருடைய நிரலில்தான். செடெனாக் பக்கம் ஓர் ஆலையிலிருந்து காலையிலேயே போன் வந்தது. உள்ளே வருகிற லாரியெல்லாம் வெளியே போவதாகப் பதிவாகிறதாம், லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை பிடித்து நிற்கின்றனவாம். அண்ணன் கோப்பைத் திறந்தார். இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு போட்டால், இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்பதாக அர்த்தம். ஒன்று போட்டால், இதை அதுவாக்கு என்று உத்தரவு. லாரி வெளியே போகிறதா என்று கேட்க வேண்டிய வரி, வந்த லாரியையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் செய்கிற பிழை அது.

“நான் அமுக்குனேன் நிலோ. ரெண்டு தடவ அமுக்குனேன். ஒண்ணுதான் விழுந்திருக்கு,” என்றார்.

வலது கைச் சுண்டுவிரல். கீபோர்டில் சமக்குறியும் கழித்தலும் அந்த விரலின் பக்கம்தான் இருக்கின்றன. மகேஸ்வரன் புதுக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். கிளினிக்கில் முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று பட்டை போட்டு அனுப்பினார்கள். பட்டையோடு ஒரு மாதம் ஓடியது, பக்கத்து விரலும் சொன்னபடி கேட்கவில்லை. பிறகு பெரிய மருத்துவமனையில்தான் உண்மையைச் சொன்னார்கள். தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகிற நோய். மூளை தெளிவாகவே இருக்கும், கண் கடைசிவரை ஓரளவு அசையும், மற்றதெல்லாம் போய்விடும், மருந்து கிடையாது. அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் மனைவி ஷர்மைன் அக்கா கார் பார்க்கிங்கில் நின்றபடியே எனக்குப் போன் செய்து சொன்னார்.

கை போயிற்று, கால் போயிற்று. பேச்சு குழற ஆரம்பித்தது. பார்க்க வருகிறவர்கள் அவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்திப் பேசுவார்கள். சிலர் குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சுவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். உள்ளே அதே கர்வி முழுசாக உட்கார்ந்திருக்கிறார், இவர்களுக்கு அது தெரியவில்லையே என்று.

அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய புரோகிராமைக் கைவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. ஆலைகளில் கணினிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மற்ற பகுதிகளை நாங்கள் பிரித்துக்கொண்டோம். கணக்கீட்டுக் கோப்பு மட்டும் மிஞ்சி நின்றது. மகேஸ்வரன் ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

“கென்னத், நீங்க சொல்லச் சொல்ல நிலோபர் எழுதட்டும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

அண்ணன் வார்த்தை வார்த்தையாக இழுத்துச் சொன்னார். “நான் எழுதறேன் பாஸ். கை போனா என்னா, கண்ணு இருக்குல்ல. செத்தப்புறம் நிலோ எழுதட்டும்.”

ஷர்மைன் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அண்ணனுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அந்தக் கோப்பை, கண் அசைகிறபோதே, தானே எழுதி முடித்துவிட வேண்டும். மகேஸ்வரன் தலையசைத்தார். வருடக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

கண்ணால் எழுதுகிற கருவி ஒன்று வந்தது. திரைக்குக் கீழே ஒரு கேமரா. திரையில் கட்டங்கள். எந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரோ அந்த எழுத்து விழும். சொற்கள் பெரிய தொல்லையில்லை, இரண்டு எழுத்து விழுந்தால் மீதியைக் கருவியே ஊகித்துக்கொள்ளும். தொல்லை ஆபரேட்டர்கள்தான். ஜோகூரில் ஆபரேட்டர் என்றால் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறவர் என்று நினைப்பார்கள். நான் சொல்வது கூட்டல், கழித்தல், சமக்குறி போன்ற குறிகளை. அவற்றை ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றையும் பார்த்தே எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கவும் இல்லை. மூன்று பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் திரையின் கீழ் மூலையில் இருக்கும் அம்புக்குறியை உற்றுப் பார்த்துக் காத்திருந்து, மறுபடி உற்றுப் பார்த்துக் காத்திருந்து, பிறகு குறியைத் தேட வேண்டும். அதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டிவிடும். அவரால் இமையைச் சரியாக மூடித் திறக்க முடியாது. துடைக்கக் கையும் கிடையாது. ஷர்மைன் அக்கா பக்கத்தில் துண்டோடு உட்கார்ந்திருப்பார்.

எந்தக் குறியை முதல் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஊகத்தில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற நிரல்களைக் குவியலாக இறக்கி, எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நான் எடுத்த குவியலில் ஒற்றைச் சமக்குறிதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. இரட்டைச் சமக்குறி, கூட்டல், ‘மற்றும்’ எல்லாம் அதற்குப் பின்னால். கழித்தல் எங்கேயோ கீழே கிடந்தது. அந்த வரிசைப்படியே கட்டங்களை அடுக்கினேன். பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் அண்ணன் களைத்துப்போனார். ஒரு வரி எழுத அரை மணி நேரம். பேச்சு அப்போது முழுசாகப் போயிருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் கருவியில் என்னவோ எழுதினார். அது எழுதியதை மலாயில்தான் வாசிக்கும், செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில்.

“கிரா சாயா புன்யா.”

என்னுடையதை எண்ணு என்கிறார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. ஊர் உலகத்தின் நிரலையெல்லாம் எண்ணியவள், அவர் எழுதியதை எண்ணவில்லை. எங்கள் தொழிலே கழிப்பது. அவர் வாழ்நாளெல்லாம் எழுதியது கழித்தல். அதைக் கொண்டுபோய் இரண்டாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அன்றே அவருடைய பழைய கோப்புகளை எடுத்து எண்ணினேன். படிக்காமல் எண்ண மட்டும் செய்தேன், எண்ணுவது புரோகிராம்தானே. எதிர்பார்த்தபடியே கழித்தல் சமக்குறிக்கு அடுத்து வந்து நின்றது. ஆகக் கடைசியில் அடைப்புக்குறி. ஃபங்ஷன் என்கிற கட்டளைப் பெயருக்குப் பின்னால் வருவதைக் கருவியே போட்டுக்கொள்ளும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கணக்குக்காக நாமாகப் போடுகிற அடைப்புக்குறியைச் சொல்கிறேன். அவர் அதை அனேகமாகப் போட்டதே இல்லை. கழித்தலை முதல் பக்கத்தின் நடுவில் வைத்தேன். அடைப்புக்குறியை மூன்றாம் பக்கத்தில் கடைசி மூலைக்குத் தள்ளினேன். “ஆட்டுப்பட்டிய தூரமா கட்டிட்டேன் அண்ணே,” என்றேன். அவருடைய கண் சிரித்தது. எனக்கும் அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு வேலை ஓடியது. காலையில் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கியதும் ஆரம்பிப்பார், கண் சிவக்கும்வரை எழுதுவார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. பாதி வேலையை யாருக்கும் காட்டாத வழக்கம் அவருக்கு வீட்டிலும் இருந்தது. நான் கதவருகே வந்தாலே திரையை மாற்றிவிடுவார். அந்த நிலைமையிலும் அதற்கு ஒரு பார்வையை மிச்சம் வைத்திருந்தார் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

மழைக்காலம் தொடங்கியதும் வேகம் குறைந்தது. மிகவும் குறைந்தது. ஷர்மைன் அக்கா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நிலோ, அவரு எந்நேரமும் அந்தக் கீழ் மூலையவே பாத்துக்கிட்டிருக்காரு. அம்புக்குறி இருக்குல்ல, அங்க. கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க, போதும்னு.”

“கண்ணு களைச்சுப் போச்சு அக்கா. தானா அங்க போகுது போல,” என்றேன். நோய் கண்ணுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

டிசம்பரில் ஒருநாள் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். செய்தி வாசிக்கிற பெண் “சுடா சியாப்” என்றாள். முடிந்துவிட்டது. கோப்பை வாங்கிவந்து, எங்கள் வழக்கப்படி பழைய எடைச் சீட்டுகளை ஓட்டினோம். ஒரு கிலோகூட மாறவில்லை. மகேஸ்வரன் எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கோப்பை அப்படியே ஆலைகளுக்கு அனுப்பினோம். யாரும் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நெஞ்சில் சளி கட்டி அண்ணன் போய்விட்டார். தேவாலயத்தில் தலையில் முக்காடோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஷர்மைன் அக்கா வருடக் கணக்காகப் பாடிவந்த பாடகர் குழு அன்று அவர் இல்லாமல் பாடியது. பெட்டியை மூடியபோது என் காது அந்தச் சத்தத்தைத் தேடியது. எனக்கு எப்போது மனது சரியில்லாமல் போனாலும் பக்கத்து மேசையிலிருந்து அந்த ‘ச்சு’ வரும், நான் எரிந்து விழுவேன், மனது சரியாகிவிடும். இனிமேல் அதற்கு நான் எங்கே போவேன்?

நான்கைந்து மாதம் போயிற்று. ஓர் ஆலை விதியை மாற்றியது. காம்புக்குக் கழிப்பதை, ஈரத்துக்குக் கழித்த பிறகு மிஞ்சியதிலிருந்து கழிக்க வேண்டுமாம். எதை முதலில் செய்வது என்கிற விவகாரம். எனக்கு ஆகாத விவகாரம்.

“நீங்கதான் தொறக்கணும் நிலோபர். வேற யாரு இருக்கா?” என்றார் மகேஸ்வரன்.

அந்தச் சுருக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்கு வாரக் கணக்கில் ஆகும், தப்பாகக் கை வைத்தால் ஆலை வாசலில் மறுபடி லாரி வரிசை நிற்கும். டீயைக் குடித்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்தேன்.

முதல் கணக்கிலேயே அடைப்புக்குறி. அடுத்த வரியிலும். அதற்கடுத்த வரியிலும். பெருக்கலைச் சுற்றி ஒன்று, கழித்தலைச் சுற்றி ஒன்று, ‘மற்றும்’ வந்த இடத்திலெல்லாம் ஒன்று. கணினிக்கு அவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. அவருக்கும் தேவையில்லை. என் நிரலைப் பார்ப்பது போலவே இருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. “உங்களுக்கு என்னா பைத்தியமா?” என்று ஆளில்லாத மேசையைப் பார்த்துக் கத்தினேன். மகேஸ்வரன் ஓடிவந்தார். நான் என் பழைய எண்ணும் புரோகிராமைத் தேடி எடுத்து அந்தக் கோப்பின் மேல் ஓட்டினேன். எண்ணிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை, இருந்தாலும் ஓட்டினேன். அடைப்புக்குறி எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, கழித்தலுக்கும் மேலே, சமக்குறிக்கும் மேலே. மேசையில் தலையை வைத்து அழுதேன். மகேஸ்வரன் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பை மேலிருந்து கீழே படித்தேன். ஒரே தடவையில் எல்லாம் புரிந்தது. எதை முதலில், எதைப் பிறகு என்று எந்த இடத்திலும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே திருத்தி முடித்துவிட்டேன்.

மாலையில் அந்தக் கோப்பின் ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஷர்மைன் அக்கா வீட்டுக்குப் போனேன். ஹாலில் கட்டில் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அக்காவுக்கு நிரல் தெரியாது, அவர் பாலர் பள்ளி ஆசிரியை. காகிதத்தை மேசையில் விரித்து, ஓர் அடைப்புக்குறியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

“அக்கா, அவர் மூலையவே பாத்துக்கிட்டிருக்காருன்னு சொன்னீங்கள்ல. கண்ணு தானா போகல. இத எடுக்கத்தான் போயிருக்காரு.”

அக்கா காகிதத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டார். “இந்த வளைஞ்ச கோடா?”

“ஆமா. இது அவருக்குத் தேவையே இல்ல. இது இல்லாட்டி எனக்குத்தான் புரியாது.”

“தொறக்கறதுக்கு ஒண்ணு, மூடறதுக்கு ஒண்ணா?”

“ஆமா அக்கா. ரெண்டு தடவ போகணும்.” காகிதத்திலிருந்து விரலை எடுத்தேன். “ஒரு வார்த்த கேட்டிருந்தா முதல் பக்கத்துக்குக் கொண்டாந்து வச்சிருப்பேனே. அஞ்சு நிமிஷ வேல. ஏன் கேக்கல?”

“கேட்டா, எதுக்குன்னு கேட்டிருப்பீங்க,” என்றார் அக்கா. “உங்களுக்காகத்தான்னு தெரிஞ்சா, வேணவே வேணாம், கண்ணப் பாருங்கன்னு சண்ட போட்டிருப்பீங்க. அவருக்கு உங்களத் தெரியாதா?”

போட்டிருப்பேன். கட்டாயம் போட்டிருப்பேன்.

அக்கா காகிதத்தின் மேல் விரலை மெல்ல நகர்த்தினார். ஓர் அடைப்புக்குறியில் நிறுத்தி, “இதுக்கு நான் கண்ணத் தொடச்சிருப்பேன்,” என்றார். அடுத்ததில் வைத்து, “இதுக்கும்,” என்றார். பக்கம் முடிகிறவரை ஒன்றையும் விடாமல் தொட்டுக்கொண்டே போனார்.